பேசாத் திரையில் ஒரு தமிழர்

செம்புலப்பெயனீரார் என்னும் சங்கப் புலவரின் இயற்பெயரை நாம் அறியோம். பாட்டு நின்றது; பாட்டின் தொடரே புலவர்க்குப் பெயருமாயிற்று. ராஜா சாண்டோவின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அவர் பெயரில் தமிழக அரசின் திரைப்பட விருதே உண்டு. அவர் சென்னையில் எடுத்த ஊமைப்படங்களில் ஒன்றுகூட இன்று பார்க்கக் கிடைப்பதில்லை.

புதுக்கோட்டை நாகலிங்கம் உடற்பயிற்சியில் தேர்ந்தவர். உலகப் புகழ்பெற்ற பயில்வான் யூஜின் சாண்டோவின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பம்பாய்க்குச் சென்று, 1922இல் 'பக்த போதனா', மறு ஆண்டு 'வீர் பீம்சேன்' எனத் தொடர்ந்து நடித்தார். 1926இல் 'டைப்பிஸ்ட் கேர்ள்' படத்தில் சுலோசனாவுடன் தோன்றினார். மராத்தியும் குசராத்தியும் வழங்கிய நகரில் தமிழர் ஒருவர் கதாநாயகராக உயர முடிந்தது எங்ஙனம்? திரைக்கு அன்று மொழி இல்லை, உடலே மொழி. மொழியையே உயிரென்று கொண்ட நமக்கு இது சற்றுக் கசப்பான உண்மைதான்.

1928 அளவில் இயக்குநருமானார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, ஆர். பத்மநாபனின் நிறுவனத்திற்காகப் 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்' (1930), 'அனாதைப் பெண்', 'ராஜேஸ்வரி', 'உஷா சுந்தரி' (1931) முதலியவற்றை விரைந்து எடுத்தார். பிற்காலத்தில் 'தியாக பூமி' எடுத்த கே. சுப்பிரமணியம் திரைத்தொழில் பயின்றது இவரிடமே.

அக்காலப் படக்கொட்டகைகளுள் ஒன்று நம் பகுதிக்கு அணித்தானது; தங்கசாலைத் தெருவில் ரகுபதி வெங்கையா கட்டிய கிரௌன். எழுத்தறியாதார்க்கும் கதை விளங்குமாறு, திரையருகே ஒருவர் நின்று உரத்த குரலில் விளக்கம் சொல்வது அந்நாளைய கொட்டகை வழக்கம். கவியரங்க மேடையேறும் நாம் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்களையும் முன்னோராக எண்ணலாம் என்பது என் கருத்து. அவர்கள் சொற்களும் போயின.

1931 அக்டோபர் 31இல், அதே வடசென்னையின் கினிமா சென்ட்ரலில், 'காளிதாஸ்' வெளியாகித் திரை பேசத் தொடங்கியது. சாண்டோ பின்வாங்கவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலின் வழிவந்த 'மேனகா'வையும் (1935), பாகவதர் நடித்த 'திருநீலகண்டர்' படத்தையும் (1939) இயக்கினார். 1943இல் மறைந்தார்.

தென்னக ஊமைப்படங்களுள் பெரும்பாலும் முழுமையாகப் பிழைத்தது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. எளிதில் தீப்பற்றும் அக்காலப் படச்சுருள் காப்பாரின்றிக் கிடந்தால் தானே மட்கிப் போகும். எஞ்சியவற்றை வெள்ளிக்காக உருக்கியோரும் உண்டு. ஆயினும் துண்டறிக்கைகள் காகிதமல்லவா? இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ நம் உறுப்பினர் எவர் வீட்டுப் பரணிலேனும் பழைய கொட்டகை விளம்பரம் ஒன்று கிடக்குமாயின், பழைய தாள் வணிகரிடம் போடுமுன் எனக்கு ஒரு சொல் தெரிவிக்க வேண்டுகிறேன்.