வட்ஸ்அப்பில் வந்த சூப்பர் ஹீரோ

எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில வாற போர்வர்டுகளை நாங்க யாரும் திறந்து பார்ப்பதில்லை. சுகர் குறைய ஒரு இலை, பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு துஆ, அவ்வளவுதான். ஆனால் கனடாவில், டொரன்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு அவருடைய 'ஆன்ட்டி' (ஆங்கிலத்தில் சாச்சியும் மாமியும் ஒண்டுதானே) அனுப்பிய ஒரு போர்வர்ட் வேறு மாதிரி. மார்வல் நிறுவனம் கமலா கான் என்ற பாத்திரத்துக்கு ஆள் தேடுகிறது என்பதுதான் அதிலிருந்த செய்தி.

அந்தப் பிள்ளை இமான் வெல்லானி. 2002இல் கராச்சியில் பிறந்தவர், கைக்குழந்தையாகக் கனடா போனவர். அதற்கு முன் ஒரு படத்திலும் நடித்ததில்லை. ஆனால் கமலா கான் கொமிக்ஸைக் கரைத்துக் குடித்தவர். பாடசாலையின் கடைசி நாளில்தான் வேடம் கிடைத்த செய்தி அவருக்கு வந்தது. 2022 ஜூனில் 'மிஸ் மார்வல்' தொடர் வெளியானபோது நாங்க இங்க பெற்றோல் கியூவில் நின்றோம். கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்துத்தான் ஆறு எபிசோடையும் முடித்தேன்.

ஒரு முஸ்லிம் பிள்ளை ஹீரோவானதில் நமக்கு வந்த சந்தோஷத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் 2008க்குப் போக வேண்டும். மார்வலின் முதல் படம் 'அயர்ன் மேன்' வந்த வருஷம் அது. 1963இல் வந்த கொமிக்ஸில் டோனி ஸ்டார்க் பிடிபடுவது வியட்நாமில். படத்தில் அதை ஆப்கானிஸ்தானுக்கு மாற்றினார்கள். யுத்தம் இடம் மாற, வில்லனின் முகமும் மாறியது. ஸ்டார்க்கைக் குகைக்குள் அடைத்துவைக்கும் ராஸாவாக நடித்தவர் ஃபாரான் தாஹிர், பாகிஸ்தானில் வளர்ந்த அமெரிக்க நடிகர். அவருடைய உம்மாவின் வாப்பா யார் தெரியுமா? 'அனார்கலி' என்ற உருது நாடகத்தை எழுதிய இம்தியாஸ் அலி தாஜ். 'முகல் ஏ ஆஸம்' படத்துக்கு மூலமே அந்த நாடகம்தான். அப்படிப்பட்ட நாடகக் குடும்பத்தில் வந்தவருக்கு ஹொலிவூட்டில் கிடைத்த இடம் ஒரு குகை.

நான் தாஹிரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நன்றாகவே நடித்தார். அவருக்கு எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான். நடிகர் தெரிவு பற்றிப் பேசும்போதெல்லாம் நாங்க முகத்தைப் பற்றியே பேசுகிறோம்: இவன் பொருந்துவானா, அவள் பொருந்துவாளா என்று. 1989 பெட்மேனுக்கு மைக்கேல் கீட்டனைப் போட்டபோது ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அதுவும் முகச் சண்டைதான். ஆனால் தெரிவு உண்மையில் நடப்பது அதற்கு முன்னால், கொமிக்ஸ் எழுதுகிற மேசையில்.

நிக் ஃப்யூரியைப் பாருங்கள். 1963இல் அவர் ஒரு வெள்ளையர். 2002இல் 'தி அல்டிமேட்ஸ்' கொமிக்ஸில் ஓவியர் பிரையன் ஹிட்ச் அவரை சாமுவேல் எல். ஜாக்சனின் முகத்தோடு வரைந்தார். ஆறு வருஷம் கழித்து அதே 'அயர்ன் மேன்' படத்தின் கடைசியில் ஜாக்சனே வந்து நின்றார். படம் எடுத்தவர்கள் புதிதாக யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. தாளில் அந்த முகம் ஏற்கனவே இருந்தது.

கமலாவின் கதையும் அதுதான். மார்வலில் எடிட்டராக இருந்த ஸனா அமானத், நியூ ஜேர்சியில் பாகிஸ்தானியப் பிள்ளையாக வளர்ந்த தன் கதைகளை சக எடிட்டர் ஒருவருக்குச் சொல்லப்போய் உருவான பாத்திரம் அவள். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கர். வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. 2013இல் முதல் முறை தலைகாட்டிய கமலாவுக்கு 2014இல் சொந்தப் புத்தகமே வந்தது. 2015இல் அதன் முதல் தொகுப்பு ஹியூகோ விருது வாங்கியது. மேசையில் அப்படி ஒரு பெண் உட்கார்ந்திருந்ததால்தான் பல வருஷம் கழித்து மார்க்கத்துக்கு ஒரு போர்வர்ட் போனது.

தொடரில் கமலாவின் வாப்பாவாக வரும் மோகன் கபூரும் உம்மாவாக வரும் ஸெனோபியா ஷ்ரோஃபும் இந்திய நடிகர்கள். முஸ்லிம் பாத்திரத்துக்கு முஸ்லிம்தான் வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பச்சை பூசிக்கொண்டு ஹல்க் வேஷத்தில் மகளோடு கூட வர ஆசையாக நிற்கிற அந்த வாப்பாவைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஃபவாத் கானும் மெஹ்விஷ் ஹயாத்தும் வரும் 1947 ரயில் நிலையக் காட்சி இன்னும் கூட. 1990ஐக் கதையாகக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, பெட்டியும் பிள்ளையுமாக ஓடுகிற சனத்தை ஒரு சூப்பர் ஹீரோ கதைக்குள் பார்ப்பது சும்மா விஷயம் இல்லை.

இனி நம்ம பக்கம். தமிழில் நமக்கும் ஒரு கொமிக்ஸ் ஹீரோ இருக்கிறார், கடன் வாங்கினவர்தான். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் வந்த லூயிஸ் கிராண்டேல் அவர். மின்சாரம் பட்டால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். எங்கட வாப்பாமாரின் தலைமுறை அந்த வெள்ளைக்காரரைத் தமிழ் பேசுகிறவராகவே ஏற்றுக்கொண்டது. ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதும் வசதியாகப் போயிருக்கலாம்!

அந்தப் பெயரில் சூர்யாவை வைத்துப் படம் எடுக்கும் ஆசையை லோகேஷ் கனகராஜ் பல முறை சொல்லியிருக்கிறார். கதை பேசுமுன்பே நட்சத்திரத்தின் பெயர் வந்துவிடுகிறது பாருங்கள். ஹொலிவூட்டும் அதைத்தான் முதலில் செய்தது. 1978 'சூப்பர்மேன்' படத்துக்கு ரொபர்ட் ரெட்ஃபோர்டையும் போல் நியூமனையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெயர் தெரியாத மேடை நடிகர் கிறிஸ்டோபர் ரீவிடம் வந்தார்கள். இன்றைக்கும் சூப்பர்மேன் என்றால் பலருக்கு ரீவின் முகம்தான்.

எனக்கு ஒரு பொறாமை உண்டு. மார்க்கத்துக்கு எட்டின தூரத்தில், மிஸிஸாகாவில், ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை மைத்ரேயி ராமகிருஷ்ணனும் 2019இல் இதே மாதிரித் திறந்த ஒடிஷனில்தான் தெரிவானார். சூப்பர் ஹீரோ கதை இல்லை, 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடர். இரண்டு அழைப்புகளும் டொரன்டோ பக்கம் போயின. கல்முனையில் கொமிக்ஸ் வரைகிற பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், கொப்பியின் பின்பக்கத்தில். போன கிழமை அதில் ஒருத்தியிடம், ஏன் உன்ட ஹீரோவுக்கு ஜோன் என்று பேர் வைத்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹீரோவுக்கு அப்படித்தானே பேர் வரும்" என்றாள்.