முன்னோட்டம்: அடுத்த வாரம் என்ன நாடகம்?

மெட்ராஸ் தூர்தர்ஷனில் வாரம் ஒருமுறை "முன்னோட்டம்" என்று ஒரு நிகழ்ச்சி வருமாம். அடுத்த வாரம் என்னென்ன வரப்போகிறது என்று அறிவிப்பாளர் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பார். எந்த நாடகம், எந்த டாக்குமெண்டரி, எல்லாவற்றுக்கும் மேலாக எந்தப் படம். நிகழ்ச்சிகளைப் பற்றிய நிகழ்ச்சி! அதையும் ஊரே உட்கார்ந்து பார்த்திருக்கிறது என்று பாட்டி சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை.

மயிலாப்பூரில் எங்கள் பாட்டிக்கு அந்தக் கால அட்டவணை இன்னும் மனப்பாடம். செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை "ஒலியும் ஒளியும்", ஞாயிறு மாலை சினிமா, நடுவில் "வயலும் வாழ்வும்". (மயிலாப்பூரில் வயல் ஏது என்று கேட்கக் கூடாது. உரம் போடும் முறை முழுசும் பாட்டிக்குத் தெரியும்.) தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் இரண்டு வாரமாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். அதன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் தேதிகள். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை ஒளிபரப்பாகத் தொடங்கியது. அடுத்த ஊரான பம்பாய்க்கு வர 1972 ஆகிவிட்டது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை அறிவித்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை. மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி, மத்தியில் இந்திரா காந்தி, செய்திக்கு சென்சார். அப்படிப்பட்ட நேரத்தில் பிறந்த குழந்தை இது. 1976 ஏப்ரல் வரை ஆல் இந்தியா ரேடியோவின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. சுவாமி சிவானந்தா சாலையில் (பழைய பெயர் ஆடம்ஸ் ரோடு) இருக்கும் அந்தக் கட்டிடத்தை மெரினா போகும்போது எல்லோரும் தாண்டியிருப்போம்.

டிவி வாங்கினால் ரேடியோ போலவே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டிய காலம். சாலிடேர், டயனோரா என்று நம்மூர்க் கம்பெனி டிவிகள். தெருவுக்கு ஒரு வீட்டில் டிவி இருக்கும், செவ்வாய்க்கிழமை அந்த வீட்டு ஹாலில் தெருவே இருக்கும். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி வந்த பிறகு மொட்டை மாடியில் உயரமாக ஆண்டெனா நட்டு, பூஸ்டர் வைத்து அதையும் பிடித்திருக்கிறார்கள். என் அப்பா ஆண்டெனாவைத் திருப்பும் வேலையில் இருந்தவர். "தெரியுதா? தெரியுதா?" என்று மாடியிலிருந்து கத்துவதுதான் அவருடைய தொலைக்காட்சி அனுபவம் :-)

சரி, நாடகத்துக்கு வருவோம். இங்கேதான் எங்கள் வீட்டுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு.

அந்தக் காலத்தில் மயிலாப்பூர், தி.நகர் பக்கத்து சபாக்கள் கச்சேரி மட்டும் நடத்தவில்லை. மெம்பர்களுக்கு மாதம் தவறாமல் நாடகமும் போட்டார்கள். ரசிக ரஞ்சனி சபா, வாணி மகால், கிருஷ்ண கான சபா என்று குழுக்கள் சுற்றி வரும். கே.பாலசந்தர், சோ, ஒய்.ஜி.பார்த்தசாரதி, மெரினா, பூர்ணம் விஸ்வநாதன், கோமல் சுவாமிநாதன், காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர் எல்லோரும் இந்த மேடைகளில் வளர்ந்தவர்கள். இவர்களில் பிரபலமானவர்களை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் பகலில் பேங்கிலும் ஏ.ஜி.எஸ். ஆபீசிலும் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒத்திகைக்கு ஓடிய பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சம்பளம் கிடையாது. ஆட்டோ காசும் டிபனும்தான்.

என் தாத்தா அப்படி ஒருவர். தி.நகரில் ஒரு பேங்கில் காஷியர். நாடகத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளையின் அப்பா, போலீஸ் இன்ஸ்பெக்டர், கடன் கேட்டு வருபவர். 1983இல் ஒரு செவ்வாய்க்கிழமை நாடகத்தில் அவருக்கும் ஒரு சின்ன வேடம் கிடைத்தது. முந்தின வாரம் முன்னோட்டத்தில் நாடகத்தின் பெயரைச் சொன்னதுமே பாட்டி தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அன்றைக்குத் தாத்தா திரையில் இருந்தது நான்கு நிமிஷம் என்கிறாள் பாட்டி. இரண்டு நிமிஷம் என்கிறார் அப்பா. தாத்தா நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்டார். எங்களிடம் இருப்பது மேக்கப்போடு எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும். வீட்டில் வீடியோ ரெக்கார்டர் கிடையாது. அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

அந்த நாடகங்களெல்லாம் எங்கே போயின என்று தேடினால் உலகம் முழுக்க ஒரே கதைதான். அந்த நாளில் வீடியோ டேப் விலை அதிகம், திரும்பத் திரும்பப் பதிவு செய்யலாம் என்பது அதன் பெருமை. எனவே ஒளிபரப்பி முடித்ததும் அழித்துவிட்டு அதன்மேல் அடுத்ததைப் பதிந்தார்கள். பி.பி.சி.யே 1960களின் "டாக்டர் ஹூ" தொடரில் பல எபிசோடுகளை இப்படி அழித்தது. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய பிரதிகளைத் தேடி இன்றும் அலைகிறார்கள். நைஜீரியாவில் ஒரு நிலையத்தில் ஒன்பது எபிசோடுகள் கிடைத்த செய்தி 2013இல் வந்தது. தூர்தர்ஷனின் ஆரம்பகால நிகழ்ச்சிகளிலும் ஏராளமானவை இப்படித்தான் போயின.

நான் காமர்ஸ் மாணவன், எனவே இதைக் கணக்காகப் பார்க்கத் தோன்றுகிறது. டேப்பை ஸ்டோர்ஸ் கணக்கில் எழுதலாம், அது தீர்ந்து போகும் சரக்கு. அதில் இருக்கும் நாடகத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? மதிப்பு போடாத பொருளை அழித்தால் ஏட்டில் நஷ்டமும் வராது. யாரும் கெட்ட எண்ணத்தில் அழிக்கவில்லை. டேப் மிச்சம் பிடித்தவருக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்திருக்கும்.

கணக்கு என்றதும் இன்னொன்று. 1976 ஜனவரி முதல் தூர்தர்ஷன் விளம்பரம் எடுக்க ஆரம்பித்தது. பெரிய மாற்றம் வந்தது 1984இல், "ஹம் லோக்" தொடரோடு. மெக்சிகோவில் தொலைத் தொடர்கள் மூலம் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம் செய்ததைப் பார்த்து இங்கே கொண்டுவந்த முயற்சி. ஸ்பான்சர் மேகி நூடுல்ஸ். பிரச்சாரம் எவ்வளவு பலித்ததோ தெரியாது, நூடுல்ஸ் நன்றாகவே விற்றது. அதன் பிறகு இதுதான் வழி: தயாரிப்பாளர் தன் பணத்தில் எடுத்து, ஒளிபரப்புக் கட்டணமும் கட்டி, பதிலுக்குக் கிடைக்கும் விளம்பர விநாடிகளை விற்றுக் காசு பார்க்க வேண்டும். அனுமதி பதின்மூன்று வாரக் கட்டுகளாக வரும். பதின்மூன்று வாரம் என்றால் ஒரு காலாண்டு. இப்போது எண்களைப் பாருங்கள். "ஹம் லோக்" 156 எபிசோடு, பன்னிரண்டு கட்டு. "ராமாயண்" 78, ஆறு கட்டு. "மால்குடி டேஸ்" முதலில் வந்தது 39, மூன்று கட்டு. கதையின் நீளத்தை முடிவு செய்ததில் கணக்குப்பிள்ளைக்கும் பங்கு உண்டு!

"மால்குடி டேஸ்" எனக்கு ஒரு சின்ன வருத்தம். ஆர்.கே.நாராயண் பிறந்தது சென்னை புரசைவாக்கத்தில். இசை எல்.வைத்தியநாதன். இயக்கியவர் கன்னடத்து சங்கர் நாக், படமாக்கியது ஆகும்பேயில். அத்தனை தெற்கத்திக்காரர்கள் சேர்ந்து எடுத்ததை, நாம் இந்தியில் பார்த்தோம். 1982 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நிகழ்ச்சி என்று வந்த பிறகு, ராத்திரியின் நல்ல நேரமெல்லாம் தில்லிக்குப் போய்விட்டது. சென்னையில் பல வீடுகளில் இந்திச் செய்தி ஆரம்பித்ததும் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ராமாயணமும் மகாபாரதமும் மட்டும் விதிவிலக்கு. அதற்கு மொழி தேவைப்படவில்லை.

அதே தேசிய நிகழ்ச்சியில்தான் நான் பார்த்ததிலேயே சிறந்த வரலாற்றுத் தொடரும் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நேரு அகமதுநகர் கோட்டைச் சிறையில் 1944இல் எழுதிய புத்தகத்தை வைத்து ஷியாம் பெனகல் எடுத்த "பாரத் ஏக் கோஜ்", 1988இல் தொடங்கி 53 எபிசோடு. அதில் சங்க காலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் இரண்டு எபிசோடு, சோழர்களுக்கும் இடம் உண்டு. கண்ணகி இந்தி பேசுவதைக் கேட்க முதலில் சிரிப்பு வந்தது. பத்து நிமிஷத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஓம் பூரியின் குரல் அப்படி.

தமிழில் நடந்தவை சின்ன அளவில், ஆனால் நன்றாக நடந்தன. பாலசந்தரின் "ரயில் சிநேகம்", சுஹாசினியின் "பெண்", சுஜாதாவின் "என் இனிய இயந்திரா", எஸ்.வி.சேகரின் "வண்ணக் கோலங்கள்". பிறகு 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. விளம்பரக்காரர்கள் கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போவார்கள், போனார்கள். சபா நாடகக்காரர்களும் மெகா சீரியலுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல்முறையாகச் சம்பளம் கிடைத்தது.

பொதுத் தொலைக்காட்சி நிற்கவில்லை. பொதிகை ஆனது, 2024 ஜனவரி 19 அன்று டிடி தமிழ் என்று புதுப்பெயரில் வந்தது. 2022இல் சுதந்திரப் போராட்டம் பற்றி "ஸ்வராஜ்" என்று 75 எபிசோடு தொடர், தமிழிலும் டப்பிங். 75 வருஷத்துக்கு 75 எபிசோடு. பதின்மூன்றால் வகுபடவில்லை என்பதைக் கவனித்தேன்! ஆனால் டப்பிங் டப்பிங்தான். உ.வே.சா. வேலை பார்த்த மாநிலக் கல்லூரி, சிவானந்தா சாலையிலிருந்து நடந்து போகும் தூரம். அவர் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வீட்டை 2012இல் இடித்தார்கள். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த அந்த மனிதரைப் பற்றித் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே நடித்து, பதின்மூன்று வாரம் ஒரு தொடர் வந்தால் நான் தவறாமல் பார்ப்பேன். விளம்பரத்தையும் சேர்த்து.

பிரசார் பாரதி பழைய டேப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக யூடியூபில் ஏற்றி வருகிறது. 2024 நவம்பரில் "வேவ்ஸ்" என்று ஒரு ஓடிடியும் தொடங்கினார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காலேஜிலிருந்து வந்ததும் போனில் அதைத் திறப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தாத்தா நடித்த நாடகத்தின் பெயரை பாட்டி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்திருக்கிறாள். பூஜை அறையிலிருந்தபடியே கேட்பாள்:

"இந்த வாரம் என்னடா போட்டிருக்கான்?"

நான் பட்டியலை மேலிருந்து கீழாக வாசிப்பேன்.