திருவண்ணாமலை கிரிவலம்: 14 கி.மீ. மெதுநடை உடம்புக்கும் மனசுக்கும் என்ன செய்யும்? சர்க்கரை நோயாளிகள் வெறும் காலில் நடக்கலாமா?

பௌர்ணமி வந்தால் சிறப்புப் பேருந்து, சிறப்பு ரயில், லட்சக்கணக்கில் கூட்டம். திருவண்ணாமலை கிரிவலம் என்றாலே செய்திகளில் வருவது இதுதான். ஆனால் மாதத்தின் மற்ற நாட்களிலும் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் உண்டு. விடியற்காலையில் உள்ளூர்க்காரர்கள் பலர் பாதி தூரமோ கால்வாசி தூரமோ நடந்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். மலையைப் பார்த்தபடி மெதுவாக நடப்பதால் உடம்புக்கு என்ன கிடைக்கிறது, யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

கிரிவலம் மொத்தம் எவ்வளவு தூரம்?

2,668 அடி உயர அண்ணாமலையைச் சுற்றி வரும் பாதை சுமார் 14 கி.மீ. மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்கும்படி நடப்பது வழக்கம். ராஜகோபுரத்தை ஒட்டிய இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என எட்டு லிங்கங்கள் எட்டுத் திசையில் வரும். வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவில் அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய ஊர் இதுதான் என்பது மரபு.

ஒரு அடிக்கு 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு சுமார் 20,000 அடிகள். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணி நேரம் ஆகும். கோயில்களில் நின்று, டீ குடித்து, கால் நீட்டி உட்கார்ந்து போகிறவர்களுக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகலாம்.

மெதுவாக நடக்கணும்னு ஏன் சொல்கிறார்கள்?

நிறைமாத கர்ப்பிணியான ஒரு ராணி எப்படி நடப்பாளோ அப்படி நடக்க வேண்டும் என்பது கிரிவலத்துக்குச் சொல்லப்படும் இலக்கணம். ஓட்டம் கூடாது, போட்டி கூடாது, காலடிச் சத்தமே கேட்கக் கூடாது. ஸ்மார்ட் வாட்ச் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறவர்களுக்கு இது நேர் எதிர்.

இந்த வேகம் உடற்பயிற்சி கணக்கில் வருமா? பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். 'மிதமான' என்றால் நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்தக் கணக்குப்படி, நல்ல உடல்வாகு உள்ள 25 வயதுக்காரருக்கு ராணி நடை ரொம்பக் குறைவுதான். 65 வயதில், முழங்கால் வலியோடு நடக்கும் ஒருவருக்கோ அதே நடை போதுமான உழைப்பாக இருக்கலாம். தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். தெருமுனை வரை நடந்தாலும் கணக்கில் சேரும்.

தினம் 10,000 அடி நடக்கணும் என்கிறார்களே, அதன் கதை வேறு. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பிரபலமான எண் அது. வயதான அமெரிக்கப் பெண்கள் சுமார் 16,700 பேரை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், தினம் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. அதாவது தினம் கிரிவலப் பாதையில் மூன்று கி.மீ. நடந்து திரும்பும் உள்ளூர்ப் பெரியவர், மாதம் ஒருமுறை 14 கி.மீ. நடந்து மறுநாள் கால் வீங்கிப் படுப்பவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார்.

தினசரி நடைக்கு உள்ளூரிலேயே ஒரு உதாரணம்

1896 செப்டம்பர் 1-ம் தேதி, 16 வயதில் திருவண்ணாமலை வந்த ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14-ல் மறையும் வரை இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. விரூபாட்சி குகை, பிறகு கந்தாசிரமம் என 1922 வரை மலைமேல்தான் வாசம். கீழே இறங்கி ஆசிரமம் உருவான பிறகும் தினமும் மலைப்பக்கம் நடப்பதை அவர் விடவில்லை. மதிய சாப்பாட்டுக்குப் பின் ஆசிரமத்தை ஒட்டிய பாலாக்கொத்து பக்கம் ஒரு சின்ன நடை. பிற்காலத்தில் மூட்டுவாதம் வந்தபோது கைத்தடி ஊன்றி நடந்தார்.

அந்த மதிய நடையை இன்றைய மருத்துவர்களும் பரிந்துரைப்பார்கள். சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் மெல்ல நடந்தால், கால் தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். மலையோ பௌர்ணமியோ இல்லாத ஊரிலும் இது சாத்தியம். மொட்டை மாடி போதும்.

மரத்தடியில் நடந்தால் மனசுக்கு என்ன?

2015-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 38 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 90 நிமிடம் நடக்க வைத்தார்கள். ஒரு குழு மரமும் புல்வெளியும் உள்ள இடத்தில், இன்னொரு குழு வாகனங்கள் பறக்கும் பெரிய சாலை ஓரத்தில். நடந்துவிட்டு வந்தபின், ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் முதல் குழுவில் குறைந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் கிரிவலப் பாதைக்கு அப்படியே பொருந்துகிறது. ஏனென்றால் இங்கே இரண்டும் இருக்கிறது. செங்கம் சாலையில் ஹாரன் சத்தம். அதிலிருந்து வலப்புறம் பிரிந்ததும் புளிய மர நிழல், குரங்கு, சில இடங்களில் மயில்.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2019-ல் வெளியானது. வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள், தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகம். ஒரே நாளில் இருந்தாலும், பிரித்துப் பிரித்து இருந்தாலும் வித்தியாசம் இல்லை. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற கேள்விக்கு இதில் முழு பதில் கிடையாது.

எப்படியானாலும் மரம் இருந்தால்தான் இந்தப் பேச்சே. 2016-ல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாக முன்வந்து விசாரித்துத் தடை விதித்தது. மலையும் ஒரு காலத்தில் மொட்டையாகத்தான் இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் இருந்து தன்னார்வலர்கள் நாட்டு மரக்கன்றுகளை நட்டு, கோடையில் காய்ந்த புல்லில் தீ பிடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் அணைத்து, இப்போதுள்ள பச்சையைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறும் காலில் நடக்கலாமா?

கிரிவலத்தை வெறும் காலில்தான் செய்ய வேண்டும் என்பது நம்பிக்கை. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆதரவு பெற்ற ஆய்வு சொல்கிறது. நீண்ட நாள் சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போகும். கல் குத்தினாலும், தார் சாலை சுட்டாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அது ஆறாத புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரை போகலாம்.

எனவே பாதத்தில் மதமதப்பு, எரிச்சல், பழைய புண் உள்ளவர்கள் வெறும் காலில் நடக்கவே கூடாது. மருத்துவர் சொன்ன காலணியோடு நடங்கள். கோயில் வாசலில் மட்டும் கழற்றினால் போதும். வெயில் நேரத்தில் அங்கேயும் தரை சுடும் என்பதை மறக்க வேண்டாம். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் 14 கி.மீ. கிளம்பினால் சர்க்கரை தடாலென இறங்கிவிடும். பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் சுற்றை முடிக்கணும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அங்கேயே நின்று, 108-க்கு அழையுங்கள்.

மற்றவர்களுக்கு? கிளம்ப அதிகாலை 4, 5 மணி நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்கு மேல் பாதையில் இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலை மேலே ஏறலாமா?

2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகர் பக்கம் மலைச்சரிவு ஏற்பட்டு, பாறைகளும் மண்ணும் வீட்டின் மேல் விழுந்தன. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13 கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் மலை ஏற அனுமதிக்கப்படவில்லை.

மலை வனத்துறை கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உச்சிக்கோ உட்புறக் காட்டுப் பாதைக்கோ போகக் கூடாது. 'நான் கூட்டிட்டுப் போறேன்' என்று வழிகாட்டியாக வருகிறவர்களை நம்பிப் போக வேண்டாம், தனியாக வரும் பெண்கள் கட்டாயம் வேண்டாம். கொஞ்சம் ஏற்றம் வேண்டும் என்பவர்களுக்கு ரமணாசிரமத்தின் பின்பக்கம் இருந்து கந்தாசிரமம் போகும் கல் பாதை இருக்கிறது. அரை மணி நேர ஏற்றம். மழைக் காலத்தில் கல் வழுக்கும், நேரக் கட்டுப்பாடும் உண்டு. அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று ஆசிரம அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.