லயக் காம்பராவில் இரண்டு வார உணவு: தோட்டக் குடும்பங்களுக்கான அவசரகாலச் சேமிப்பு

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது மலையகத்தில் அதிக உயிர்களைப் பறித்தவை மண்சரிவுகள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் வீதிகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோயின. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பெரும்பாலான தோட்டப் பிரிவுகளுக்குப் போய்வர ஒரே ஒரு பாதைதான் உண்டு. அது இடிந்தால் லொறி வராது. லொறி வராவிட்டால் தோட்டத்துக் கடையில் இருக்கும் அரிசியும் மாவும் சில நாட்களில் தீர்ந்துவிடும். மலையில் வேலை நடக்காததால் பேரும் விழாது. பேர் இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஆகவே பாதை, கடை, வருமானம் மூன்றும் ஒரே நாளில் அடைபடுகின்றன. அந்த நிலையில் ஒரு குடும்பம் எத்தனை நாள் சமாளிக்க முடியும் என்பது வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஜெர்மனியின் சிவில் பாதுகாப்பு அலுவலகம் அந்நாட்டுக் குடும்பங்களைப் பத்து நாட்களுக்கான உணவை வைத்திருக்கச் சொல்கிறது. நிலநடுக்கத்துக்குப் பழகிய ஜப்பானில் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் என்று சொல்லப்படுகிறது. அந்த ஆலோசனைகள் தனி அறையும், குளிர்சாதனப் பெட்டியும், மாதச் சம்பளமும் உள்ளவர்களை நினைத்து எழுதப்பட்டவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவுக்கும் நாட்சம்பளத்துக்கும் பொருந்துமாறு அதை எப்படிச் செய்வது என்பதே இக்கட்டுரை.

மூன்று பஞ்சங்கள் சொல்வது

கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டத்து மக்கள் உண்ணும் அரிசி வெளியிலிருந்து வந்தது. தோட்ட நிர்வாகமே அரிசியைக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தது. 1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கோதுமை மா அரிசியின் இடத்துக்கு நுழைந்தது. இன்றும் தோட்டத்தில் காலை ரொட்டியின் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது.

1973 இல் உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறியபோது அரசு பங்கீட்டு அரிசியைக் குறைத்தது. கிராமத்தவர்களில் பலருக்கு ஒரு துண்டு வயலோ, பலா மரமோ, மரவள்ளிப் பாத்தியோ இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு நிலமே இல்லை. 1974 இல் தோட்டங்களின் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. பெரியவர்கள் இன்றும் பேசும் பஞ்சம் அதுதான்.

மூன்றாவது 2022. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் அப்போது சுமார் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பின்றி இருப்பதாக மதிப்பிட்டன. நிலைமை மிக மோசமாக இருந்தது பெருந்தோட்டத் துறையில். அதற்கு முன்பே, 2019 இன் அரச கணிப்பில், வறுமை வீதம் நகரத்தில் 6.0, கிராமத்தில் 15.0, தோட்டத்தில் 33.8.

ஆகவே ஆபத்து இரண்டு வகை. பாதை அடைபடுவது நாட்கணக்கில் நீடிக்கும். விலை ஏறுவது மாதக்கணக்கில் நீடிக்கும். இரண்டு வாரச் சேமிப்பு முதலாவதை ஏறக்குறைய முழுமையாகத் தாங்கும். இரண்டாவதில் அது மூச்சுவிட இடம் தரும்: விலை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் கடன் கொப்பியில் எழுதி வாங்க வேண்டிய அவசியத்தைக் குறைக்கும்.

எவ்வளவு வேண்டும்?

அனர்த்த நிவாரணத்தில் உலகெங்கும் பயன்படும் அளவு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி. சிறியவர், பெரியவர் எல்லோரையும் சேர்த்த சராசரி இது. அதைத் தோட்டத்துச் சமையலுக்கு மாற்றினால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசியும் மாவும் சேர்த்து 400 கிராம், பருப்பு வகை 100 கிராம், எண்ணெய் 30 கிராம், சீனி 20 கிராம், உப்பு 5 கிராம்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 14 நாட்களுக்கு:

– அரிசி 12 கிலோ
– கோதுமை மா 10.5 கிலோ
– பருப்பு, கடலை, பயறு சேர்த்து 5.6 கிலோ
– தேங்காய் எண்ணெய் சுமார் 1.8 லீட்டர்
– சீனி 1.1 கிலோ
– அயடின் உப்பு 300 கிராம்

இவற்றோடு நெத்தலி, நான்கைந்து டின் மீன், செத்தல் மிளகாய், புளி, தேயிலை, தீப்பெட்டி, மெழுகுதிரி. ஆறு பேர் என்றால் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்குங்கள். சிறு பிள்ளையோ கர்ப்பிணித் தாயோ இருந்தால் கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷாவை அவர்களுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அனர்த்த நாட்களிலும் அதுவே பாதுகாப்பானது. பால்மா கரைக்கச் சுத்தமான தண்ணீர் அப்போது கிடைப்பது கடினம். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களின் மருந்தும் இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

எது எவ்வளவு காலம் தாங்கும்?

வெள்ளைப் பச்சையரிசி ஈரமும் பூச்சியும் படாமல் இருந்தால் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். தவிடு நீக்காத சிவப்பரிசி சத்து மிக்கது. ஆனால் தவிட்டில் உள்ள எண்ணெய் காறிப்போவதால் ஆறு மாதத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கோதுமை மாவுக்கும் ஆறு மாதமே கணக்கு. பருப்பு ஒரு வருடத்துக்கு மேல் கெடாது, ஆனால் பழசாக ஆக வேக நேரமெடுக்கும். விறகு அதிகம் போகும். நுவரெலியாக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவது கெட்டதன் அறிகுறி அல்ல. காறல் வாசனை வந்தால் மட்டுமே கெட்டது. டின் மீனுக்கு டின்னில் உள்ள திகதியே கணக்கு. வீங்கிய, கசியும், ஆழமாகத் துருப்பிடித்த டின்களைத் திறக்காமலே எறிய வேண்டும்.

உருளைக்கிழங்கை இருட்டில் வையுங்கள். பச்சை நிறமானதும் முளைவிட்டதும் நஞ்சாகும். பூஞ்சணம் பிடித்த கடலையையோ சோளத்தையோ கழுவியும் வறுத்தும் சாப்பிடக்கூடாது. அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

குளிர் உதவும், ஈரம் கெடுக்கும்

கொழும்பை விட மலையகத்துக்கு ஒரு நன்மை உண்டு: குளிரில் பூச்சி மெதுவாகப் பெருகும், எண்ணெய் மெதுவாகக் காறும். ஆனால் மூடுபனியும் ஒழுகும் தகரமும் சேர்ந்து எல்லாவற்றையும் ஈரமாக்கும். ஆகவே இங்கே சேமிப்பு என்பது ஈரத்தோடு போராடுவதுதான்.

சாக்கிலோ உரப்பையிலோ வைத்த அரிசி மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். மூடி இறுகும் ஐந்து லீட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் இதற்கு நல்லவை. கழுவி, உள்ளே ஒரு துளி ஈரமும் இல்லாமல் காயவைத்து, அரிசியை வாய்வரை தட்டித் தட்டி நிரப்பி இறுக மூடுங்கள். காற்று குறைந்தால் வண்டு பெருகாது. ஒரு போத்தல் ஏறக்குறைய நான்கு கிலோ கொள்ளும்; 12 கிலோவுக்கு மூன்று போதும். மாவுக்கு இருபது லீட்டர் மூடி வாளி ஒன்று. வெயிலில் உலர்த்திய தானியத்தைச் சூடாக இருக்கும்போதே அடைக்க வேண்டாம். ஆறும்போது உள்ளே வியர்க்கும். இரசாயனப் பொருளோ, மருந்தோ, மண்ணெண்ணெயோ இருந்த கேன்களை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இவை எல்லாம் கட்டிலுக்குக் கீழே அடங்கும். தரையில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும் போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒவ்வொன்றிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். பழையதை முதலில் சமைத்து, புதியதைப் பின்னால் வையுங்கள். இது தொடாமல் பூட்டிவைக்கும் பொருள் அல்ல. அன்றாடச் சமையலோடு சுழன்றுகொண்டே இருக்க வேண்டியது.

தண்ணீரும் விறகும்

மண் சரிந்தால் முதலில் உடைவது ஊற்றிலிருந்து பீலிக்கு வரும் குழாய். குடிக்க மட்டும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீட்டர் வேண்டும்; நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லீட்டர். மழை எச்சரிக்கை வந்த உடனே நிரப்பிவிடுங்கள். கலங்கிய தண்ணீரைத் தெளியவிட்டு, துணியில் வடித்து, கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

அரிசி இருந்தும் காய்ந்த விறகு இல்லாமல் பட்டினி கிடக்க நேரலாம். கவ்வாத்து மிலாறு கிடைக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கானதைக் கட்டி, கூரைக்குக் கீழே தனியே வையுங்கள்.

நாட்சம்பளத்தில் சேர்ப்பது எப்படி?

இந்தப் பட்டியலை ஒரே சம்பளத்தில் வாங்க எந்தத் தோட்டக் குடும்பத்தாலும் முடியாது. கடனுக்கு வாங்கவும் கூடாது. நம் பாட்டிமாருக்குத் தெரிந்த வழி பிடி அரிசி: உலை வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடியைத் தனியே போடுவது. ஒரு பிடி 50 கிராம் என்றால், இரண்டு வேளைக்கு 100 கிராம். மாதம் மூன்று கிலோ. நான்கு மாதத்தில் 12 கிலோ நிறைந்துவிடும். அதன் பிறகும் பிடி எடுப்பதை நிறுத்தாமல், அந்த அரிசியைச் சமைத்து, மிச்சமாகும் காசில் மா வாங்கினால் அடுத்த மூன்று நான்கு மாதங்களில் மாவும் சேரும். விரைவில் கெடும் மாவைக் கடைசியில் சேர்ப்பதே சரியான ஒழுங்கும்கூட. பருப்பில் ஒவ்வொரு சம்பளத்துக்கும் 700 கிராம் கூடுதலாக வாங்கினால் எட்டு மாதத்தில் 5.6 கிலோ. பெப்ரவரியில் தொடங்கினால் ஒக்டோபர் மழைக்கு முன் எல்லாம் கையில் இருக்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பிடி எல்லோருடைய பங்கிலிருந்தும் போக வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பின் மிச்சத்தைச் சாப்பிடும் அம்மாவின் தட்டிலிருந்து மட்டும் போனால் அது சேமிப்பு ஆகாது. நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பவரின் பட்டினிதான் போத்தலில் நிறையும். பிள்ளைகளுக்கே போதாத வீட்டில் இப்போது சேமிக்கத் தொடங்க வேண்டாம்.

வெளியேற வேண்டி வந்தால்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. சாய்வில் இருக்கும் வீட்டில் எவ்வளவு உணவு இருந்தாலும் அது உயிரைக் காக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் விடுக்கிறது: விழிப்பாக இருங்கள், வெளியேறத் தயாராகுங்கள், வெளியேறுங்கள். சிவப்பு வந்த பிறகு வாளியைத் தூக்க நிற்கக்கூடாது.

அதற்காகத்தான் தனியே ஒரு பை. அவல், பொரித்த அரிசிமா, வறுத்த கடலை, பிஸ்கட், சீனி, இரண்டு போத்தல் தண்ணீர்: அடுப்பில்லாமல் மூன்று நாள் தாங்குபவை. அதே பையில் பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் கொப்பி, மருந்து, டோர்ச். தரையில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வீட்டால் முடியாதது

தனி வீட்டுக்கு முடியாததை ஒரு பிரிவு சேர்ந்து செய்யலாம். மரண உதவிச் சங்கமும் சீட்டும் நடத்தத் தெரிந்த மக்களுக்கு மாதம் ஒரு கிலோ அரிசிச் சீட்டு புதிதல்ல. ஐம்பது குடும்பம் மாதம் ஒரு கிலோ வீதம் ஆறு மாதம் போட்டால் 300 கிலோ. பாதுகாப்பான இடத்தில் உள்ள கோவில் மண்டபத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ அதை வைத்து, பெண்களும் இருக்கும் ஒரு குழுவிடம் சாவியையும் கணக்கையும் கொடுக்கலாம். வெளியேறியவர்களுக்கு முதல் வேளைச் சோறு அங்கேயே கிடைக்கும்.

ஆனால் இவை எதுவும் அரசின் கடமைக்கு மாற்றாகாது. மழைக்காலத்துக்கு முன்பே பிரதேச செயலகம் தொலைதூரப் பிரிவுகளுக்கு அருகில் உலர் உணவை வைத்திருக்கலாம். கம்பனிகள் தோட்டப் பாதைகளைத் திருத்தலாம். பாதுகாப்பான காணியும் வீட்டுத்தோட்டத்துக்கு மண்ணும் கிடைத்தால், 1974 இல் கிராமத்தவர்களுக்கு இருந்த அந்த மரவள்ளிப் பாத்தி தோட்டத்தவர்களுக்கும் இருக்கும். கட்டிலுக்குக் கீழே இருக்கும் மூன்று போத்தல் அரிசி இரண்டு வாரத்துக்குத்தான். இரண்டு வாரத்துக்குள் பாதையைத் திறந்து உணவு கொண்டுவரும் பொறுப்பை யார் ஏற்கிறார்கள் என்று பிரதேச சபையிடமும், கிராம உத்தியோகத்தரிடமும், தோட்ட நிர்வாகத்திடமும் அடுத்த மழைக்கு முன்பே கேட்டுவைப்பதும் இந்தச் சேமிப்பின் ஒரு பகுதிதான்.