விஷம் எடுத்துக் கொடுக்கிற இருளர்களும் ஒரு சான்றிதழும்

பாம்புக்கடின்னு வந்தா அரசு மருத்துவமனையில நாங்க ஏத்துற மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒண்ணுதான். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்குச் செலுத்தி, அதோட ரத்தத்துல உருவாகிற எதிர்ப்புப் பொருளைப் பிரிச்சு எடுக்கிறாங்க. சரி, முதல்ல விஷம் யார் கொடுக்கிறா?

பெரும்பகுதி நம்ம வடநெம்மேலியில இருந்து போகுது. மாமல்லபுரம் பக்கம். எடுத்துக் கொடுக்கிறவங்க இருளர்கள். திருக்கழுக்குன்றம் சுத்துவட்டார ஏரிக்கரைகள்ல குடிசை போட்டிருக்காங்களே, அவங்க சனம்தான்.

1882ல மெட்ராஸ் வனச் சட்டம் வந்துச்சு. காடு அரசாங்கத்தோடதுன்னு ஆச்சு. காட்டை நம்பி இருந்தவங்க கூலிக்கு இறங்கினாங்க. அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டு. முன்பணம் வாங்கிட்டுக் குடும்பத்தோட மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்தாச்சு. ஆனா இந்தப் பக்கம் மீட்புச் செய்தி அதுக்கப்புறமும் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

கையில மிச்சம் இருந்தது பாம்பு பிடிக்கிற வித்தை. தடம் பார்த்தே எந்தப் பாம்பு, எந்த வளைன்னு சொல்லுவாங்க. பிடிச்சுத் தோலை வித்தாங்க. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1976ல பாம்புத்தோல் ஏற்றுமதித் தடை. பாம்புக்கு நல்லது, சந்தேகமே இல்ல. ஆனா இவங்க பிழைப்பு என்னாகும்னு சட்டம் எழுதினவங்க யாரும் யோசிக்கலை.

யோசிச்சது ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும்தான். 1978ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. அனுமதி வாங்கிப் பாம்பைப் பிடிச்சு, சில தடவை விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுலயே விட்டுடணும். கொல்லாம பிழைக்கிற தொழில். 2023ல நம்ம மாவட்டத்து வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. பார்த்தப்போ அவ்ளோ சந்தோஷம்.

இப்போ அரசியலமைப்புக்கு வரேன். பிரிவு 342. எந்தச் சமூகம் பழங்குடின்னு குடியரசுத் தலைவர் அறிவிப்பார். அதுக்கப்புறம் பட்டியல்ல ஒரு பேரைச் சேர்க்கணும்னாலும் எடுக்கணும்னாலும் நாடாளுமன்றம்தான். முதல் ஆணை 1950. நரிக்குறவரை அதுல சேர்க்கிற மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேற 2022 டிசம்பர் வரைக்கும் காத்திருந்தாங்க. இருளர் பட்டியல்ல இருக்காங்க. அதுலயும் மிக நலிந்த பழங்குடிகள்னு தமிழ்நாட்டுல குறிச்ச ஆறு சமூகத்துல ஒண்ணு.

சரி, பேர்தான் இருக்கே, அப்புறம் என்னங்க?

தமிழ்நாட்டுல ஐந்தாம் அட்டவணைப் பகுதின்னு ஒரு ஊர்கூட அறிவிக்கப்படலை. அதனால அந்த அட்டவணை தர்ற நிலப் பாதுகாப்பு இங்க யாருக்கும் இல்ல. 2006 வன உரிமைச் சட்டம் வனநிலத்துல இருக்கிறவங்களுக்கு. ஏரிக்கரை வனநிலம் இல்ல, நீர்நிலைப் புறம்போக்கு. அதுக்குப் பட்டாவும் கொடுக்க மாட்டாங்க. மூணு தலைமுறை அங்கேயே வாழ்ந்திருந்தாலும் கதை அதேதான்.

மிஞ்சுறது சாதிச் சான்றிதழ். மத்த சாதிக்குத் தாசில்தார் ஆபீஸ்லயே முடிஞ்சிடும். பழங்குடின்னா கோட்டாட்சியர்தான் கொடுக்கணும், அதாவது செங்கல்பட்டு போகணும். போலிச் சான்றிதழைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. போலி இருந்ததும் நிஜம்தான். ஆனா அப்பா அம்மா சான்றிதழ் எங்கேன்னு கேட்டா, பள்ளிக்கூடமே போகாத அப்பா எங்க போவார்? அந்தக் காகிதம் இல்லைன்னா பிள்ளைக்குப் பழங்குடி உதவித்தொகை கிடையாது, கல்லூரியில பழங்குடி இடமும் கிடையாது.