கண்ணாடி நகரம் – 7: வளைத்தும் சிக்காத எதிரி

சென்ற வாரம் டண்டினொங் சவுத்தில், ஃப்ளோட் கண்ணாடி உலையின் வாசலில் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். மணலும் சோடாவும் கொட்டுகிற இடத்தில் ஓர் எவர்சில்வர் துணுக்கு விழுந்துவிட்டால் கண்ணாடிக்காரர்கள் ஏன் அப்படிப் பதறுகிறார்கள்? ஆஸ்திரேலியாவின் ஒரே ஃப்ளோட் ஆலையாக இருந்து, 2025 பிப்ரவரியில் திவால் நிர்வாகிகள் கைக்குப் போன ஆலை அது. ஆனால் விடை அங்கே இல்லை. வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் போய், 1958க்குள் நுழைய வேண்டும்.

கிழக்கு மெல்பர்ன், நிக்கல்ஸன் தெரு. நகரத்தில் எந்தக் கட்டடமும் 132 அடியைத் தாண்டக்கூடாது என்றிருந்த வரம்பை மீறி, அதைப் போல் இருமடங்கு உயரத்துக்கு எழுந்து நின்றது ஐ.சி.ஐ. ஹவுஸ். வடிவமைத்தவர்கள் பேட்ஸ் ஸ்மார்ட் மக்கச்சன் நிறுவனத்தார். சுவரெல்லாம் கண்ணாடி. ஊரே அண்ணாந்து பார்த்தது. திறந்து அதிக நாள் ஆகவில்லை, முகப்புக் கண்ணாடிகள் உடைந்து விழத் தொடங்கின.

விழுந்தவை சாதாரணக் கண்ணாடிகளா? இல்லை, பதப்படுத்தி வலுவேற்றிய டஃபண்ட் கண்ணாடிகள். அவற்றுக்கு எவ்வளவு வலு என்பதைச் சொல்வது வளைவுச் சோதனை. இன்றைய ஐரோப்பியத் தரப்படி 1100 மில்லிமீட்டர் நீளம், 360 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகையை இரண்டு உருளைகள்மேல் கிடத்துவார்கள். மேலிருந்து இன்னும் இரண்டு உருளைகள் மெல்ல அழுத்தும். பலகை தொட்டில்போல் குழியும். மேல்முகம் நெருக்கப்படும், அடிமுகம் இழுபடும். உடைப்பது அந்த இழுப்புத்தான். சில்லுகள் சிதறாமலிருக்க மேல்முகத்தில் ஒட்டுத்தாள் ஒட்டுவதும் உண்டு. நம் வீட்டுத் தரை டைல்ஸுக்கும் இதே பரீட்சைதான். அங்கே மேலிருந்து அழுத்த ஓர் உருளை போதும்.

சாதாரணக் கண்ணாடிக்கு இதில் எதிர்பார்க்கும் மதிப்பெண் 45 மெகாபாஸ்கல். டஃபண்டுக்கு 120, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1200 கிலோ. ஆனால் ஒரே உலையில் வந்த பத்துப் பலகைகளை வளைத்தால் பத்தும் பத்து விதமாக உடையும். ஏன் என்பதை 1920இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் ஏ. ஏ. கிரிஃபித் விளக்கிவிட்டார். கண்ணாடியின் உடம்பில் பலம் இருக்கிறது, தோலில்தான் கோளாறு. கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் முனையில் இழுப்பு குவிந்து, அங்கிருந்து பிளவு ஓடுகிறது. கண்ணாடிக் கடைக்காரர் வைரமுனையால் ஒரு கோடு கீறி, விளிம்பைப் பிடித்துச் சட்டென்று ஒடிக்கிறாரே, கிரிஃபித் கணக்குப்போட்டுக் காட்டியது அந்தக் கைவித்தையைத்தான்.

அப்படியானால் தோலைக் காப்பாற்றினால் போதுமே! 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் குளிர்காற்றை வாரியடித்தால் தோல் முதலில் இறுகிவிடும். பிறகு உள்ளே ஆறிச் சுருங்குகிற நடுப்பகுதி, தோலை இறுக்கி நெருக்கும். இந்த நெருக்கத்தை முதலில் தீர்த்த பிறகே எந்த இழுப்பும் கீறலைத் திறக்க முடியும். டஃபண்டின் வலு இவ்வளவுதான். இதற்கு ஒரு விலை உண்டு: தோல் நெருக்கத்திலிருக்க, நடுப்பகுதி எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பலகையை வளைக்கும்போது அடிமுகத்தில் இழுப்பு உச்சம், மேல்முகத்தில் நெருக்கம் உச்சம். இரண்டுக்கும் சரிபாதியில், கனத்தின் நடுவில், வளைவால் வரும் சுமை சுழி! வளைவுச் சோதனை தோலைக் குடைந்து குடைந்து விசாரிக்கும், நடுவிடம் ஒரு கேள்வியும் கேட்காது. நான் எதிரியாக இருந்தால் அங்கேதான் ஒளிந்திருப்பேன்.

ஒளிந்திருந்தது. மாட்டிய கண்ணாடி உடைந்தால், காற்று, வெயில், சட்டத்தில் தவறாகப் பொருத்தியது என்று யாருக்கும் முதலில் தோன்றும் காரணங்கள் பல. தானாக உடைந்த டஃபண்ட் கண்ணாடி வேறு கதை சொல்லும். பொடிப்பொடியான சில்லுகளுக்கு நடுவே, உடைப்பு தொடங்கிய இடத்தில் மட்டும் இரண்டு பெரிய சில்லுகள், பட்டாம்பூச்சியின் சிறகுபோல் ஒட்டி நிற்கும். இரண்டும் சேரும் கோட்டில், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு கூட இல்லாத ஓர் உருண்டைக் கல்.

1961இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் கட்டட ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஈ. ஆர். பாலன்டைன் ஐ.சி.ஐ. ஹவுஸ் கண்ணாடிகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் அந்தக் கல்லின் பெயர் வெளிவந்தது: நிக்கல் சல்ஃபைடு. கந்தகம் கண்ணாடி உலையில் எப்படியும் இருக்கும். நிக்கல் வெளியிலிருந்து வர வேண்டும். எவர்சில்வரில் நிக்கல் இருக்கிறது. பதறாமல் என்ன செய்வார்கள்?

379 டிகிரிக்கு மேல் இந்தக் கல்லுக்கு ஒரு வடிவம், கீழே இன்னொரு வடிவம். வடிவம் மாறும்போது சில சதவீதம் பருக்கும். மெல்ல ஆறும் சாதாரணக் கண்ணாடியில் தொல்லையில்லாமல் மாறிவிடும். டஃபண்டில் குளிர்காற்றின் வேகத்தில் பழைய வடிவத்திலேயே உறைந்துபோய், மாதங்களோ வருடங்களோ கழித்து, கட்டடத்தில் மாட்டிய பிறகு ஆற அமரப் பருக்கத் தொடங்கும். அதுவும் ஏற்கெனவே இழுபட்டுக்கொண்டிருக்கும் நடுப்பகுதியில்.

மருந்தும் பின்னாளில் வந்தது. பதப்படுத்திய பலகைகளை ஏறக்குறைய 290 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால், கல் உள்ள பலகைகளில் பெரும்பாலானவை அடுப்பிலேயே வெடித்துவிடும். தப்பியவற்றை நம்பி மாட்டலாம்.

புதுப் பலகைக்குச் சரி. மாட்டியாகிவிட்ட ஆயிரக்கணக்கான பலகைகளை என்ன செய்வது? கட்டடத்தைத் தூக்கி அடுப்பில் வைக்க முடியுமா? பிரிஸ்பேனின் வாட்டர்ஃபிரண்ட் பிளேஸ் கோபுரத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது, வழி தேடியவர்கள் கேமராவைக் கையில் எடுத்தார்கள். மாடி மாடியாக மாட்டிய கண்ணாடிக்குள், மணலை விடச் சின்னக் கல்லைக் கேமரா எப்படிப் பிடிக்கும்?

(தொடரும்)