வீட்டுக்கு ஒரு நாஸ் பெட்டி: வாங்குவதற்கு முன் நான் படித்த வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

1989-இல் பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, அம்மா பாடிய 11 பாட்டுகளைப் பதிவு செய்தேன். தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒரு கும்மி. 1996-இல் அம்மா போய்விட்டார்கள். 2014-இல் கேசட்டை எம்பி3 ஆக்கி ஒரு கையடக்க ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்தேன். கேசட் பூஞ்சை பிடித்துக் கிடந்ததால், "அதான் டிஜிட்டல் ஆயிடுச்சே" என்று தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த ஹார்டு டிஸ்க் 2022-இல் மேசையிலிருந்து விழுந்தது. மதுரையில் மீட்டுத் தருகிற கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "தகடு கீறிடுச்சு சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். 11 பாட்டில் இன்று இருப்பது இரண்டு. அந்த இரண்டும் எப்படித் தப்பின என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு மகன் சென்னையிலிருந்து, "அப்பா, ஒரு நாஸ் வாங்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நாஸ் என்பது வீட்டு வைஃபை ரவுட்டரோடு ஒயரில் இணைத்து வைக்கும் பெட்டி. உள்ளே ஹார்டு டிஸ்க்குகள் இருக்கும். வீட்டில் எந்தப் போனிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் படங்களை அதில் போடலாம், எடுக்கலாம். கடைக்குப் போனால் ஒரு அறை, இரண்டு அறை, நான்கு அறை என்றார்கள், ரெய்டு என்றார்கள். வீட்டுக்கு வந்து "ரெய்டு வேணுமாம்" என்றேன். "வருமான வரிக்காரங்களா? நம்ம வீட்டுக்கா?" என்றாள் என் மனைவி.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவன், பொறியாளன் இல்லை. ஒரு பொருள் புரியாவிட்டால், அதை யார், எதற்காகச் செய்தார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். அப்படித் தேடியபோது முதலில் கிடைத்தவரே ஒரு பள்ளிக்கூட வாத்தியார்!

பெயர் ரெனால்ட் ஜான்சன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவர். சிறுவயதில் தன் அக்காமாரைப் பார்க்க வரும் இளைஞர்களின் கார் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கோடு போட்டுவிடுவாராம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கார் கிளம்பாது. அந்தக் குறும்பிலிருந்துதான், பென்சிலால் குறித்த விடைத்தாளை மின்சாரத்தால் திருத்தும் இயந்திரத்தை அவர் உருவாக்கினார். கட்டுக் கட்டாகத் தாள் திருத்திய நமக்குத்தான் அதன் அருமை தெரியும். 1934-இல் ஐபிஎம் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது.

1952-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்க அவரை அனுப்பினார்கள். அங்கே அவர் குழு செய்ததுதான் உலகின் முதல் ஹார்டு டிஸ்க். 1956 செப்டம்பரில் ராமாக் என்ற கம்ப்யூட்டரோடு அறிவித்தார்கள். இரண்டு அடி விட்டமுள்ள 50 தகடுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. தகட்டில் காந்தப் பூச்சு சீராகப் படிவதற்கு, பூச்சைப் பெண்கள் அணியும் மெல்லிய காலுறையில் வடிகட்டி, காகிதக் கோப்பையில் எடுத்து, சுழலும் தகட்டின் நடுவில் ஊற்றினார்களாம். தோசைக்கல் சுற்ற, மாவு தானாகப் பரவுவது போல.

அவ்வளவு பெரிய இயந்திரத்தின் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அம்மாவின் ஒரு தாலாட்டு எம்பி3-யாக அதில் முழுதாக ஏறுவதே சந்தேகம். அந்தக் கம்ப்யூட்டரின் வாடகை மாதம் 3,200 டாலர். ஜான்சன் 1971-இல் ஓய்வு பெற்ற பிறகும் குழந்தைகளுக்கான பேசும் புத்தகங்கள் செய்தார். வாத்தியார் புத்தி எங்கே போகும்!

இனி அந்த ரெய்டுக்கு வருவோம். 1980-களில் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு அலமாரி அளவு ஹார்டு டிஸ்க்குகள் இருந்தன. விலை யானை விலை. பர்சனல் கம்ப்யூட்டருக்கு வந்த சின்ன டிஸ்க்குகளோ மலிவு. ஒரு பெரியதுக்குப் பதிலாக நிறைய சின்னவற்றைச் சேர்த்தால் என்ன என்று பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் கேட்டார்கள். 1988-இல் வெளியான அவர்கள் கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கே போடலாம். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும். 100 டிஸ்க்குகளைச் சேர்த்தால் அவற்றில் ஏதோ ஒன்று எத்தனை மணிக்கு ஒருமுறை பழுதாகும்? 30,000-ஐ 100-ஆல் வகுத்தால் 300 மணி. இரண்டு வாரம்கூட இல்லை!

அதற்கு அவர்கள் சொன்ன வழிகளை மதிப்பெண் பட்டியலை வைத்துச் சொல்கிறேன். ஐந்து பாட மதிப்பெண்ணும் மொத்தமும் எழுதியிருக்கிறது. ஒரு பாடத்தின் மேல் மை கொட்டிவிட்டது. மொத்தத்திலிருந்து மற்ற நான்கையும் கழித்தால் அது கிடைத்துவிடும். அந்த 'மொத்தம்' போன்ற கூடுதல் தகவலை டிஸ்க்குகளில் பிரித்து வைப்பது ரெய்டு 5. பட்டியலையே இரண்டு படி எழுதி வைப்பது ரெய்டு 1. முதல் வழியில் இரண்டு பாடத்தின் மேல் மை கொட்டினால் கதை முடிந்தது. அவர்கள் கட்டுரையின் தலைப்பில் ரெய்டின் 'ஐ' என்ற எழுத்து 'மலிவான' என்ற சொல்லைக் குறித்தது. விற்க வந்தவர்களுக்கு 'மலிவு' பிடிக்கவில்லை போலும், பின்னால் 'தனித்தனியான' என்று மாறிவிட்டது.

இங்கேதான் எனக்கு விளக்கு எரிந்தது. ரெய்டு பிறந்தது ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக. கை தவறி நான் ஒரு கோப்பை அழித்தால், ரெய்டு 1 அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழிக்கும். பெட்டியோடு திருடு போனால், மழைத்தண்ணீர் புகுந்தால், இரண்டும் சேர்ந்தே போகும். 2022-இல் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் நிரல், இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்த வீட்டு நாஸ் பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. அங்கெல்லாம் ரெய்டு இருந்து என்ன பயன்? கடைக்காரத் தம்பி "ரெண்டு டிஸ்க் இருக்கு சார், கவலையே வேணாம்" என்றபோது இதையெல்லாம் சொன்னேன். பாவம், சிரித்தபடி தலையாட்டினார்.

ஆக, ஒரே பிராண்டைப் பிடித்துக்கொண்டு குழம்பவில்லை. பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது லினக்ஸ்தான். விண்டோஸ் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு அவை பயன்படுத்தும் சாம்பா மென்பொருளை, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1991-92 வாக்கில் எழுதத் தொடங்கினார். கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஒயரில் என்ன போகிறது என்று கவனித்துக் கவனித்தே அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டார். முதலில் வைத்த பெயர் வேறொருவருடையது என்று தெரிந்ததும், எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் வரும் சொல்லை அகராதியில் தேடி 'சாம்பா' என்று வைத்தாராம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார். அதனால் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் தருவீர்கள்?

டிஸ்க் விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். சில டிஸ்க்குகளில் தடங்களை நாட்டு ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதுகிறார்கள். எஸ்எம்ஆர் என்று பெயர். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அடுத்தடுத்த ஓடுகளையும் கிளப்ப வேண்டும் அல்லவா, அதேதான் அங்கும். பழுதான டிஸ்க்கை மாற்றி, புதியதில் எல்லாவற்றையும் திரும்ப எழுதும் நேரத்தில் இது ஆமை வேகமாகிவிடும். நாஸுக்கென்றே விற்கும் ரெட் வரிசையிலும் சில டிஸ்க்குகள் அப்படிப்பட்டவை என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020-இல் ஒப்புக்கொண்டது. வாங்குகிறவர்கள் மாடல் எண்ணைப் பார்த்து 'சிஎம்ஆர்' தானா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் வாங்கியது இரண்டு அறைப் பெட்டி. 4 டெராபைட் டிஸ்க் இரண்டு, ரெய்டு 1. நமக்குக் கிடைக்கும் இடம் 4 தான், 8 இல்லை. நான்கு அறையும் ரெய்டு 5-உம் என் வீட்டுக்கு அதிகம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு கெடலாம் என்பதால் சின்ன யூபிஎஸ் ஒன்றும் சேர்த்தேன். 17 வாட் என்று வைத்துக்கொண்டால் மாதம் 12 யூனிட் சுமார் ஆகும். மனைவி முதலில் கேட்ட கணக்கு அதுதான்.

தப்பிய இரண்டு பாட்டுக்கு வருகிறேன். 2019-இல் என் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, "ஆச்சி பாட்டு இருக்குல்ல மாமா, அனுப்புங்க" என்று கேட்டாள். வாட்ஸ்அப்பில் இரண்டு தாலாட்டு அனுப்பினேன். அவள் சிவகாசியில் இருக்கிறாள். என் டிஸ்க் விழுந்தபோது அவள் போனில் அவை இருந்தன. மீதி ஒன்பதையும் ஏன் சேர்த்து அனுப்பவில்லை என்று இன்றும் நினைப்பேன். அனுப்ப ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

இப்போது பெட்டி வாங்கிய கையோடு தனியாக ஒரு யூஎஸ்பி டிஸ்க்கும் வாங்கினேன். நாஸில் இருப்பதையெல்லாம் அதில் நகல் எடுத்து, போன வாரம் பஸ்ஸில் சிவகாசி கொண்டுபோய் அக்கா மகளிடம் கொடுத்தேன். அவள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். பொங்கலுக்கும் ஆடிக்கும் இங்கே வரும்போது எடுத்து வருவாள், புதிதாகச் சேர்ந்ததை ஏற்றிக் கொடுத்தனுப்புவேன். குழந்தைக்கு இப்போது விவரம் தெரிகிறது. அந்த இரண்டு தாலாட்டில் ஒன்றை முழுதாகப் பாடிக் காட்டினாள்.